திருவாரூர் முத்துசாமி ஐயர்

சென்னைத் துறைமுகத்திற்கு அணித்தாகச் செங்கல்லால் எழுப்பிய பெருங்கட்டடம் ஒன்று, கோபுரங்களும் குவிமாடங்களும் விளங்க உயர்ந்து நிற்கின்றது. அதுவே சென்னை உயர்நீதிமன்றம். நாள்தோறும் திரளான மக்கள் தத்தம் வழக்குகளோடும் கவலைகளோடும் அதன் படிகளில் ஏறி இறங்குகின்றனர். அம்மன்றத்தினுள்ளே சலவைக்கல்லால் ஆகிய உருவச்சிலை ஒன்று உண்டு. அமர்ந்த கோலத்தில் உள்ள அச்சிலையின் பாதங்களில் காலணி இல்லை. பார்ப்போர் வியந்து, இவர் யார் என்று வினவுவர். அவரே, சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியரான சர் முத்துசாமி ஐயர். மாதம் ஒரு ரூபாய் ஊதியத்திற்கு ஊழியம் செய்த ஏழைச் சிறுவர் ஒருவர், அந்நீதிமன்றத்தின் உயர்ந்த இருக்கைக்கு வந்த வரலாறு, நாம் அறிந்து போற்றத்தக்கது. அவ்வரலாற்றோடு அம்மன்றத்தின் வரலாறும் பின்னிக் கிடக்கின்றது.

இளமையும் வறுமையும்

முத்துசாமி ஐயர் 1832-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். குடும்பம் வறியது. தந்தையார் அவருடைய இளமையிலேயே இறந்தார். அன்னையார் மக்களோடு திருவாரூரை அடைந்து, இன்னலுற்று அவர்களை வளர்த்தார். சில ஆண்டுகளில் அவ்வன்னையாரும் மறைந்தார். தாங்குவார் இல்லாத நிலையில், உண்பதற்கு வழி தேடுவதே அச்சிறுவருக்கு முதற்கடமையாயிற்று. பள்ளிப் படிப்பை விடுத்து, ஊர்க் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார்.

திருவாரூர் நீதிக்குப் பேர்போன ஊர். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, தன் மகன் என்றும் பாராமல் நீதி வழங்கினான் மனுநீதிச் சோழன் என்னும் பழங்கதை அவ்வூரோடு தொடர்புடையது. அக்கதையைக் காட்டும் கல்தேர் இன்றும் அங்கே இருக்கின்றது. அவ்வூர்த் தெருக்களில் ஓலையும் கணக்குமாகத் திரிந்த சிறுவர், ஒருநாள் நாட்டின் நீதி இருக்கையில் அமர்வார் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அக்காலத்தில் திருவாரூரில் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர் என்பவர். ஒருமுறை ஆற்றில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தது. விவரம் அறிந்துவர அவர் எழுத்தர்களைத் தேடியபோது தக்கவர் ஒருவரும் அங்கில்லை. அருகே நின்ற சிறுவரை அனுப்பினார். சிறுவர் விரைந்து சென்று, உடைப்பின் அளவையும், அதனை அடைக்க வேண்டும் பொருள்களையும், கிடைக்கும் ஆட்களையும் முறையாகக் குறித்துக்கொண்டு வந்தார். தாசில்தார் முதலில் நம்பவில்லை. பின்னர் ஆராய்ந்து பார்த்து, கூறியவை யாவும் சரியாக இருக்கக் கண்டு வியந்தார் என்பர். எதையும் நேரில் கண்டு, எண்ணிக் கணக்கிட்டுச் சொல்லும் இவ்வியல்பே, பிற்காலத்தில் அவருடைய தீர்ப்புகளுக்கும் அடிப்படையாயிற்று.

இச்சிறுவர் கணக்கு வேலையில் வாணாளைக் கழிக்கத்தக்கவர் அல்லர் என்று நாயக்கர் உணர்ந்தார். ஆங்கிலக் கல்வி பெறுவதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து, அவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். தமக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லாத சிறுவரிடம் அவர் காட்டிய அன்பு பெரிது. முத்துசாமி ஐயரின் வரலாற்றைப் பேசுவோர் முத்துசாமி நாயக்கரையும் மறத்தல் ஆகாது.

சென்னையில் கல்வி

சென்னையில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து பயின்றார். பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளியே. அங்கே தலைமை வகித்த பவல் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், மாணவரின் கூர்மையைக் கண்டு தனி அன்பு கொண்டார். வீட்டில் விளக்கெரிக்க எண்ணெய்க்கு வழியின்றி, முத்துசாமி தெருவிளக்கின் கீழே அமர்ந்து படித்தார் என்று வழிவழியாகக் கூறுவர். தமிழ்நாட்டுத் தாய்மார் பலர் தம் மக்களுக்குப் படிப்பின் அருமையை உணர்த்த இச்செய்தியையே எடுத்துக்காட்டுவது வழக்கம். 1854-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்றில் வென்று 500 ரூபாய்ப் பரிசு பெற்றார். மாதம் ஒரு ரூபாய் ஈட்டியவருக்கு அது நாற்பது ஆண்டு ஊதியத்தினும் மிகுதி அன்றோ!

படிப்படியான உயர்வு

கல்வி முடிந்தபின் சிலகாலம் ஆசிரியராகவும், பின்னர்ப் பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலராகவும் பணியாற்றினார். அந்நாளில் வழக்கறிஞர் தொழிலுக்கும் நீதித்துறைக்கும் அரசினர் தேர்வு நடத்தத் தொடங்கினர். முத்துசாமி ஐயர் அத்தேர்வில் சிறப்பாகத் தேறித் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். நிலத்தகராறு, கடன், பாகப்பிரிவினை முதலிய சிறு வழக்குகளைக் கேட்டு முடிவு செய்வது முன்சீபின் கடமை. ஏழை எளியோர் முதன்முதல் நாடிவருவது அம்மன்றத்தையே. ஆதலின், மக்களின் வாழ்க்கையையும், ஊர் வழக்கங்களையும், பொய்ச்சாட்சியின் தன்மையையும் அவர் அங்கேயே நன்கு அறிந்தார்.

அதன்பின் 1859-இல் தஞ்சையில் துணைக் கலெக்டராகவும், 1865 முதல் தென் கன்னட மாவட்டத்து மங்களூரில் சார்பு நீதிபதியாகவும், 1868 முதல் சென்னையில் போலீசு மாஜிஸ்திரேட்டாகவும் விளங்கினார். பதவி உயர்ந்தபோதும் அவர் மாணவராக இருப்பதை விடவில்லை. பணியைப் பார்த்துக்கொண்டே படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்துச் சட்டப் பட்டத்தையும் பெற்றார். 1872-இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவரானார்.

அவர் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது நிகழ்ந்த செய்தி ஒன்று, வழக்கறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. உயர்நீதிமன்றத்து ஆங்கில நீதிபதி ஒருவர், தம் வீட்டு வளாகத்தில் நுழைந்த எளியவன் ஒருவனை அடித்துவிட்டார். அவன் முத்துசாமி ஐயரிடம் முறையிட்டான். குற்றம் சாட்டப்பட்டவரோ தமக்கு மேலுள்ள மன்றத்தின் நீதிபதி. ஆளும் இனத்தைச் சார்ந்தவர். அழைப்பாணை அனுப்ப வேண்டா என்று மேலிடத்தில் அறிவுரை கூறினர். முத்துசாமி ஐயர் அதற்கு இணங்கவில்லை; முறைப்படி வழக்கை நடத்திச் சிறு தொகையை அபராதமாக விதித்தார். தொகை சிறிதே, ஆயினும் அடித்தவர் யாராயினும் சட்டத்தின்முன் நின்றே தீர வேண்டும் என்னும் உண்மை பெரிது.

உயர்நீதிமன்றத்தின் தோற்றம்

அவரை எதிர்நோக்கியிருந்த உயர்நீதிமன்றம் தோன்றிய வரலாற்றை ஈண்டுச் சிறிது அறிதல் நலம். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் சென்னை இராசதானியில் இருவகை நீதிமன்றங்கள் இருந்தன. சென்னை நகரத்திற்கென 1801-ஆம் ஆண்டில் அமைந்தது சுப்ரீம் கோர்ட்டு. அது இங்கிலாந்து அரசரின் பெயரால் நடந்தது. அதில் பாரிஸ்டர்கள் நீதிபதிகளாக இருந்தனர். நகருக்கு வெளியே இருந்த மாவட்டங்களின் மேல்முறையீடுகளைக் கேட்டது சதர் அதாலத்து என்னும் கம்பெனி நீதிமன்றம். ஒன்றில் ஆங்கிலச் சட்டமும் ஆங்கில நடைமுறையும் ஓங்கி நின்றன. மற்றொன்றில் இந்து, முகம்மதியச் சட்டங்களும் கம்பெனியின் ஒழுங்குகளும் வழங்கின. ஒரே நாட்டில் ஊருக்கு ஒரு முறையாக நீதி நடப்பது குழப்பத்திற்கு இடமாயிற்று.

கம்பெனி ஆட்சி 1858-இல் முடிவுற்றது. 1861-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் உயர்நீதிமன்றங்கள் ஏற்பட்டன. இருவகை மன்றங்களும் ஒன்றாக இணைந்தன. சென்னை உயர்நீதிமன்றம் 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் தொடங்கியது. சர் காலி ஸ்காட்லண்டு அதன் முதல் தலைமை நீதிபதி ஆனார். சென்னை நகரத்துப் பெருவழக்குகளை நேரே விசாரிப்பதும், மாவட்ட மன்றங்களின் தீர்ப்புகள்மீது வரும் மேல்முறையீடுகளைக் கேட்பதும், கீழ்மன்றங்களை மேற்பார்வையிடுவதும் அதன் கடமைகள் ஆயின. இவ்விரட்டைப் பணியே, நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது.

1861-ஆம் ஆண்டுச் சட்டம், நீதிபதியாவதற்கு உரியவர் இன்னார் என்று வரையறுத்தது. பாரிஸ்டர்களும், சிவில் உத்தியோகத்தாரும், ஐந்தாண்டுகள் நீதிபதிப் பதவி வகித்தவர்களும், பத்தாண்டுகள் தொழில் நடத்திய வழக்கறிஞர்களும் உரியவர் ஆயினர். சட்டம் வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. ஆயினும், தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் பேசும் மக்களின் வழக்குகளைத் தீர்த்த அம்மன்றத்தில், தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளாகியும் இந்நாட்டவர் ஒருவர்கூட நீதிபதியாக அமரவில்லை.

நியமனமும் எதிர்ப்பும்

1878-ஆம் ஆண்டில் முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்ற செய்தி பரவியது. நாட்டு மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள்கள் அந்நியமனத்தைத் தாக்கி எழுதின. இந்திய அலுவலரை ஐரோப்பியருக்குச் சமமாக வைத்து, சமமான ஊதியம் வழங்குதல் தகாது என்னும் கருத்தும் வெளியாயிற்று. அவருடைய அறிவையோ நேர்மையையோ குறை கூற இயலாதோர், அவர் பிறந்த நாட்டையே குறையாகக் காட்டினர்.

இக்கூற்று இளைஞர் சிலரின் உள்ளத்தைச் சுட்டது. மறுத்து எழுதவோ, இந்தியர் குரலை எடுத்துரைக்கவோ சென்னையில் அவர்களுக்குத் தக்க பத்திரிகை இல்லை. ஆசிரியர் இருவரும் சட்டக்கல்வி பயிலும் மாணவர் நால்வருமாக அறுவர் ஒன்றுகூடினர். ஒன்றே முக்கால் ரூபாயைக் கடனாகப் பெற்று, 80 படிகள் அச்சிட்டு, 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் ஒரு வாரப் பத்திரிகையை வெளியிட்டனர். அதுவே தி இந்து என்னும் நாளிதழாகப் பின்னர் வளர்ந்தது. அவ்வறுவருள் ஒருவரான சுப்பிரமணிய ஐயர், 1882-இல் சுதேசமித்திரன் என்னும் தமிழ்ப் பத்திரிகையையும் தோற்றுவித்தார். ஒருவருடைய நியமனத்தால் எழுந்த வழக்கு, நாட்டின் பொதுவாழ்விற்கே ஒரு புதிய குரலைத் தந்தது.

முத்துசாமி ஐயரோ இப்பூசலில் தலையிடவில்லை. நீதிபதியாக அமர்ந்தவர் பத்திரிகைகளோடு வழக்காடுதல் மரபன்று. தம்மை இகழ்ந்தோர்க்கு அவர் தம் தீர்ப்புகளாலேயே விடை கூறினார்.

நீதிபதிப் பணி

அக்கால உயர்நீதிமன்றத்தின் வேலை எளிதன்று. முன்பு நீதிபதிகளுக்கு இந்துச் சட்டத்தையும் முகம்மதியச் சட்டத்தையும் எடுத்துரைப்பதற்கெனப் பண்டிதர்களும் மௌலவிகளும் மன்றங்களில் இருந்தனர். 1864-ஆம் ஆண்டில் அப்பதவிகள் நீக்கப்பட்டன. ஆகவே, தத்து எடுத்தல், குடும்பச் சொத்து, மகளிர் உரிமை, அறக்கட்டளை முதலியவை பற்றி எழுந்த சிக்கல்களை நீதிபதிகளே ஆராய்ந்து முடிவுகட்ட வேண்டியதாயிற்று. ஆங்கில நீதிபதிகள் மொழிபெயர்ப்புகளை நம்பியிருந்தனர். முத்துசாமி ஐயரோ இந்நாட்டுக் குடும்பத்தின் அமைப்பையும் பழக்கவழக்கங்களையும் உடன்பிறந்த அறிவாகக் கொண்டிருந்தார். ஆங்கிலச் சட்டநூல்களையும் ஆழ்ந்து கற்றிருந்தார். இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்தமையால் மன்றம் வளம் பெற்றது.

வழக்கின் இருதரப்பு நியாயங்களையும் அவர் பொறுமையோடு கேட்பார். முந்தைய முடிவுகளை ஒன்றுவிடாமல் ஆராய்வார். தோற்றவனும் தன் பக்கம் முற்றும் கேட்கப்பட்டது என்று உணரும் வண்ணம் தீர்ப்பு எழுதுவார். 1876 முதல் வெளிவந்த சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அவருடைய தீர்ப்புகள் பல இடம்பெற்றுள்ளன. பிற்கால வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் அவற்றை மேற்கோளாகக் கொண்டனர்.

சட்டத்தைத் திருத்தும் பணியிலும் அரசினர் அவருடைய துணையை நாடினர். அந்நாளில் மலபார் மாவட்டம் சென்னை இராசதானியைச் சேர்ந்திருந்தது. அங்கே மருமக்கள்தாய முறையினரிடையே, தாய்வழியிலேயே குடும்பமும் சொத்தும் தொடர்ந்தன. சம்பந்தம் என்னும் மணமுறையை நீதிமன்றங்கள் சட்டப்படியான திருமணமாக ஏற்கவில்லை. இதனால் மனைவியும் மக்களும் கணவனிடம் உரிமை கோர இயலாத நிலை இருந்தது. இதனை ஆராய 1891-இல் அமைந்த குழுவிற்கு முத்துசாமி ஐயர் தலைவர் ஆனார். பெரும்பான்மையோர் கூறியதை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை; தலைவராக இருந்தும் தம் கருத்தைத் தனியே விரிவாக எழுதி வைத்தார். இதன் பயனாக 1896-இல் மலபார்த் திருமணச் சட்டம் பிறந்தது. ஆனால், அச்சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்துகொண்டவர் மிகச் சிலரே. ஒரு சட்டம் ஏட்டில் ஏறுவது எளிது, மக்கள் வாழ்வில் இறங்குவது அரிது என்பதற்கு இது சான்றாகும்.

உயர்நீதிமன்றம் தொடக்கத்தில் கடற்கரைச் சாலையிலிருந்த பழைய கட்டடம் ஒன்றில் நடந்தது. நாம் இன்று காணும் செங்கற் கட்டடம் கட்டி முடிக்கப்பெற்று, 1892-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் 1894-இல் கலங்கரை விளக்கு ஏற்றப்பட்டது. 1977 வரை கடலில் வரும் கப்பல்களுக்கு அது வழிகாட்டியது. இப்புதிய மன்றத்திலேதான் முத்துசாமி ஐயர் 1893-ஆம் ஆண்டில் சில மாதங்கள் தலைமை நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தார். சென்னையில் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. ஆயினும் அது தற்காலிகப் பொறுப்பே. பாரிஸ்டர் அல்லாதவர் நிலையான தலைமை நீதிபதி ஆதல் கூடாது என்பது அன்றைய சட்டம். எத்துணை ஆற்றல் இருப்பினும், அவருக்கு அவ்விருக்கை நிலையாகக் கிடைக்க வழியில்லை. அவ்வாண்டிலேயே அரசாங்கம் அவருக்குச் சர் பட்டம் அளித்தது.

மறைவும் மன்றத்தின் வளர்ச்சியும்

1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25-ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே முத்துசாமி ஐயர் இயற்கை எய்தினார். அறுபத்து மூன்று ஆண்டு நிறைவதற்கு மூன்று நாள்களே எஞ்சியிருந்தன. அவ்வாண்டிலேயே புகழ்பெற்ற வழக்கறிஞர் எஸ். சுப்பிரமணிய ஐயர் நீதிபதியாக நியமனம் பெற்றார். முன்னவர் திறந்த வாயில் பின்னர் அடைபடவில்லை. இந்திய நீதிபதிகள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஆயினும் சென்னையில் தலைமை நீதிபதிப் பதவி இந்தியர் ஒருவருக்கு நிலையாகக் கிடைக்க, நாடு விடுதலை பெறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1948-இல் பி. வி. இராசமன்னார் அப்பதவியை ஏற்றார்.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, உயர்நீதிமன்றத்திற்குப் புதிய வலிமை தந்தது. அரசாங்கமே தவறு செய்யினும், குடிமகன் நேரே உயர்நீதிமன்றத்தை அணுகி ஆணை பெறலாம். முறையின்றி ஒருவரைச் சிறைவைத்தால், அவரை மன்றத்தின்முன் கொணரச் செய்யும் ஆட்கொணர்வு ஆணையும் அத்தகையதே. ஆந்திரத்திற்கு 1954-இலும் கேரளத்திற்கு 1956-இலும் தனி உயர்நீதிமன்றங்கள் அமைந்தபின், சென்னை மன்றத்தின் எல்லை சுருங்கியது. 1962-இல் புதுச்சேரியும் அதன் எல்லைக்குள் வந்தது. தென்மாவட்ட மக்கள் நெடுந்தொலைவு பயணம் செய்யும் துன்பத்தைக் குறைக்க, 2004-ஆம் ஆண்டு மதுரையில் அதன் கிளை ஒன்று தொடங்கப்பட்டது.

இவ்வளர்ச்சிகள் எல்லாம் முத்துசாமி ஐயர் காலத்திற்குப் பிற்பட்டவை. எனினும், அடித்தவர் உயர்பதவியினர் என்றும் முறையிட்டவன் ஏழை என்றும் பாராது அழைப்பாணை அனுப்பிய அம்மாஜிஸ்திரேட்டின் உறுதியும், அரசாங்கத்திற்கு எதிராகவே ஆணை பிறப்பிக்கும் இன்றைய மன்றத்தின் உரிமையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நீதிமன்றத்தின் பெருமை அதன் மாடங்களில் இல்லை. வலியவனையும் எளியவனையும் ஒரே கோலால் அளக்கும் நெஞ்சுரத்தில் இருக்கின்றது. உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்கும் சிலை உண்டு. அம்மன்னன் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஊரிலிருந்தே வந்தவர் முத்துசாமி ஐயர். அரசனாகப் பிறந்து நீதி வழங்கினான் சோழன். ஏழையாகப் பிறந்து, கல்வியால் உயர்ந்து, நீதி வழங்கினார் ஐயர்.

மாணவர்களே, வறுமை கல்விக்குத் தடையன்று என்பது அவர் வாழ்க்கை காட்டும் முதற்பாடம். ஆனால் அதனோடு நின்றுவிடலாகாது. உயர்ந்தபின் யாருக்கும் அஞ்சாமலும், யாரையும் எளியவர் என்று தள்ளாமலும் நடுவுநிலையில் நிற்பதே அதனினும் அரிய பாடம். அவ்விரண்டையும் கற்று, நம் வாழ்வில் கடைப்பிடிப்போமாக.